கடை சர்வரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கிளவுடில் வைக்கலாமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கேள்வி: 2024 ஏப்ரல் 2

அண்ணா, சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பாவோடு சேர்ந்து மசாலா, பூஜைச் சாமான் கடை நடத்துகிறேன். பின்னறையில் ஒரு சர்வர். கணக்கு, பில், ஸ்டாக், கேமரா எல்லாம் அதில்தான். பழசாகிவிட்டது, அடிக்கடி தொங்குகிறது. விற்க வந்தவர் "பெட்டியே வேண்டாம், எல்லாம் கிளவுடுக்குப் போகலாம், மாத வாடகை மட்டும்" என்கிறார். பெரியப்பாவோ "நம்ம கணக்கு நம்ம கையில இருக்கணும், எவன் வீட்டுலயோ எதுக்கு?" என்கிறார். போன வாரத்திலிருந்து லோட்ஷெடிங்கும் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இல்லை. எது சரி?

ஏப்ரல் 2, இரவு

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. கிளவுட் என்றால் இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினியில் இடம் வாடகைக்கு எடுப்பது, அவ்வளவுதான். நான் டர்பனில் சின்னக் கடைகளுக்கும் கோயில் சங்கங்களுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பவன். கடைக்காரர்கள் "சர்வர்" என்று காட்டும் பெட்டிக்குள் சம்பந்தமில்லாத சரக்குகள் ஒன்றாகக் கிடக்கும். முதலில் அதைப் பிரித்துப் பார்.

கணக்கு, பில், சப்ளையர் விலைப்பட்டியல் எல்லாம் சேர்த்தாலும் அளவில் சின்னது. பத்து வருஷ பில் ஸ்கேன்களோடு 40 ஜிபி என்று வைத்துக்கொள். உன் இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒன்பது மணி நேரத்தில் ஏறிவிடும், ஒரே ராத்திரி. இதைக் கண்ணை மூடிக்கொண்டு கிளவுடுக்கு மாற்று.

கல்லாவில் ஓடும் பில்லிங் வேறு விஷயம். இணையம் அறுந்தாலும் வாடிக்கையாளர் கையில் பொருளோடு நிற்பார். இணையமில்லாமலும் பில் போட்டு, லைன் வந்ததும் தானே சேர்த்துக்கொள்ளும் மென்பொருளா என்று கேள். "எங்கள் லைன் போகவே போகாது" என்று பதில் வந்தால் அவரிடம் வாங்காதே. ஃபைபர் கேபிளைப் பிடித்திருக்கிற கம்பம் நம் தெருவில்தான் இருக்கிறது, அது எத்தனை முறை சாய்ந்திருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கேமரா படத்தைக் கிளவுடுக்குக் கொண்டுபோகாதே. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளைக்கே 86 ஜிபி. மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார். கல்லாவுக்கு லைன் மிஞ்சாது.

அப்புறம் ஒன்று. அந்தப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விசிறியைப் பார். மசாலாக் கடை என்றால் விசிறி இறகில் சிவப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். மிளகாய்த்தூளும் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி கெட்டியாகி, காற்றே போகாமல் உள்ளே கொதிக்கும். தொங்குவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடை.

ஏப்ரல் 3

"எவன் வீட்டுலயோ" என்று பெரியப்பா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன். அது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது.

மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் தரவு மையம் (கிளவுட் கணினிகள் இருக்கும் இடம்) திறந்தது. அமேசான் 2020 ஏப்ரலில் கேப்டவுனில். கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில். ஆக மூன்று பெரிய நிறுவனங்களும் இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய் வர ஒரு சின்னக் கோரிக்கைக்கு ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட். ஐரோப்பா என்றால் 150-க்கு மேல். கல்லாவில் பட்டனை அழுத்துகிறவருக்கு அந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

ஆனால் அது தானாக நடக்காது. அமேசானின் கேப்டவுன் மையம் புதுக் கணக்கில் அணைந்தே இருக்கும், நாம்தான் போய்ச் செயல்படுத்த வேண்டும். அவசரத்தில் அமைத்துக் கொடுத்தவர் அதைப் பார்க்காமல் விட்டால் சாட்ஸ்வொர்த் கடையின் ஸ்டாக் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கூடப் போய் உட்காரலாம். விற்க வந்தவரிடம் "எந்த மையம்?" என்று கேள், எழுத்தில் வாங்கு.

ஒரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். அமேசானின் ஈசி2, அதாவது மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விடும் சேவை, உருவானதே கேப்டவுனில். கிறிஸ் பிங்கம் சொந்த நாட்டுக்குத் திரும்ப விரும்பியதால் அங்கேயே ஒரு குழு அமைத்தார்கள், வில்லம் வான் பில்யோன் அதில் சேர்ந்தார். 2006 ஆகஸ்டில் சோதனைக்கு வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் இந்த வியாபாரத்தின் விதைகளில் ஒன்று நம் மண்ணில் போட்டது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

ஏப்ரல் 5

"மார்ச் 14 அன்று எல்லாம் படுத்ததே, உள்நாட்டு மையம் இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அன்று ஐவரி கோஸ்ட், அபிஜான் பக்கம் கடலடியில் வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்று நான்கு இணையக் கேபிள்கள் ஒன்றாக அறுந்தன. மேற்குக் கரையில் அது. அதற்குச் சில வாரம் முன்பே செங்கடலில் சீகாம் உட்பட மூன்று கேபிள்கள் போயிருந்தன, அது கிழக்குப் பக்கம். இரண்டு கதவும் ஒரே சமயத்தில் அடைபட்டதுதான் பிரச்சினை. ஒன்று மட்டும் போயிருந்தால் பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது.

உள்நாட்டு மையத்தில் தரவு இருந்தவர்களுக்குக் கடல் தாண்ட வேண்டிய வேலை குறைவு. ஆனால் உள்ளே நுழைய கடவுச்சொல் சரிபார்ப்பது, உரிமம் பார்ப்பது போன்ற சில வேலைகள் வெளிநாட்டு மையத்தைத் தொட்டுவிட்டு வரலாம். அங்கேதான் தடுக்கும். அன்று என் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கோப்புகள் எல்லாம் திறந்தன, லாகின் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் வேலை பார்த்தார்கள், காலையில் வெளியே வந்துவிட்டவர்கள் வாசலில் நின்றார்கள்.

ஏப்ரல் 12

வெள்ளம் வந்து இன்றோடு இரண்டு வருஷம். 2022 ஏப்ரல் 11 ராத்திரி பெய்த மழை. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கணினியைப் பற்றிப் பேசுவதே தப்போ என்று தோன்றுகிற நாள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகு இசிபிங்கோ பக்கம் ஒரு கடைக்குக் கூப்பிட்டார்கள். ஷட்டரைத் தூக்கினால் முழங்கால் உயரத்துக்குச் சேறு. சர்வர் தரையில் இருந்தது. அதற்குத் தினமும் ஒழுங்காக பேக்கப் எடுத்திருந்தார்கள். தினமும்! அந்த பேக்கப் டிஸ்க் சர்வரின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே தண்ணீரில். டிஸ்க்கைக் கையில் எடுத்தபோது யூஎஸ்பி துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. கடைக்காரர் "வெயில்ல காய வச்சா வருமா?" என்று கேட்டார். கடன் நோட்டும் அதில்தான் ஸ்கேன் செய்து இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஊரே அவருக்கு வாயால் சொல்லித் திரும்பக் கட்டியது. பெரும்பாலானவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின வருஷம், 2021 ஜூலைக் கலவரத்தில், வேறொரு கடையில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டரும் போச்சு, மேஜை இழுப்பறையில் இருந்த பேக்கப்பும் போச்சு.

"நம்ம கையில இருக்கணும்" என்று சொல்கிற பெரியப்பாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன். கையில் இருக்கட்டும், ஒரே கையில் வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்புச் சாதனம், அதில் ஒன்று ஊருக்கு வெளியே என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. சின்னக் கடைக்கு அந்த "ஊருக்கு வெளியே" என்பதைக் குறைந்த செலவில் கொடுப்பது கிளவுட் ஒன்றுதான்.

ஏப்ரல் 13

கேமரா பற்றி எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நேற்று அந்த 2021 கடையைப் பற்றி எழுதும்போது யோசித்தேன். ரெக்கார்டர் பெட்டியையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள், அதனால் காப்பீட்டுக்காரரிடம் காட்டப் படமே இல்லை. நாள் முழுக்க ஓடும் படம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. வாசல் கேமராவும் கல்லா கேமராவும் மட்டும், அதுவும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் எடுக்கும் சின்னத் துண்டுகள், அவற்றை மேலே அனுப்பு. மற்றது பெட்டியிலேயே இருக்கட்டும்.

மே 20

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கும் மேலான உறுப்பினர்கள். இந்த மாதத் தொடக்கத்தில் கூகுள் கிளவுடில் அவர்களுக்கென்று இருந்த ஒரு தனிச் சந்தா அழிந்துபோனது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். சந்தாவே அழிந்ததால் இரண்டும் சேர்ந்தே போயின. தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்ததால் மீண்டார்கள். அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தவறு தங்களுடையதுதான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது.

அவ்வளவு பெரிய நிதிக்கே அது என்றால், நமக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசியுங்கள். நாம் அழைத்தால் ஃபோன் எடுக்கக்கூட ஆள் இருக்காது. கிளவுடில் வைத்த ஒரே பிரதி, ஒரே பிரதிதான். மாதம் ஒரு முறை வெளி டிஸ்க் ஒன்றில் இறக்கி, வீட்டு அலமாரியில் வை. கடையில் அல்ல, வீட்டில்.

ஜூன் 28

போன சனிக்கிழமை தேசிய சுகாதார ஆய்வகச் சேவை மேல் நடந்த தாக்குதலைப் படித்திருப்பீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை எல்லாம் அவர்கள் கையில். உள்ளே புகுந்தவர்கள் கணினி அமைப்பின் சில பகுதிகளை அழித்தார்கள், பேக்கப் சர்வரில் இருந்ததையும் அழித்தார்கள். ஆய்வகங்களில் சோதனை நடந்தது, முடிவை டாக்டருக்குத் தானாக அனுப்ப வழியில்லாமல் போனது, அவசரமானதை ஃபோனில் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் வீட்டிலும் மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது: "ஒன்டிரைவில் போடுகிறேன், பேக்கப் இருக்கிறது." அது பேக்கப் இல்லை, அது ஒத்திசைவு. உன் கணினியில் புகுந்தவர்கள் கோப்பைப் பூட்டினால் பூட்டப்பட்ட கோப்பே மேலே போகும். நீ அழித்தால் அங்கும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும்: தனிநபர் ஒன்டிரைவில் 30 நாள், நிறுவனக் கணக்கில் 93 நாள், கூகுள் டிரைவில் 30 நாள். அதற்குள் கவனித்தால் பிழைத்தாய்.

உண்மையான பேக்கப் என்றால், அன்றாடம் வேலை செய்யும் கணக்கின் கடவுச்சொல்லால் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். கிளவுடிலேயே இத்தனை நாளுக்கு யாராலும் மாற்ற முடியாது என்று பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அமைத்துக் கொடுப்பவரிடம் அதைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஜூலை 21

வெள்ளிக்கிழமை உலகம் முழுக்கக் கணினிகள் முடங்கியதும் "கிளவுட் விழுந்துவிட்டது" என்கிறார்கள், அது அல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இங்கே கேபிடெக் வங்கிச் சேவையும் கொஞ்ச நேரம் நின்றது. அதற்கு முந்தின ராத்திரி அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் ஒரு மையம் தனியாகப் பழுதானது. இரண்டையும் ஒன்றாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள்.

ஒரு வேலை மட்டும் இன்றே செய்யுங்கள். விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். சாவியைக் கணினிக்குள்ளேயே வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை தவித்தவர்கள் நிறைய.

ஆகஸ்ட் 18

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: ஃபோனில் "இடம் நிரம்பிவிட்டது" என்று வருகிறது, பழைய படங்களை அழித்தால் மேலே, கிளவுடில் இருப்பது தப்பிக்குமா?

அக்கா, அப்படியே அழிக்காதீர்கள். கூகுள் ஃபோட்டோஸில் படத்தைத் தொட்டு அழித்தால் மேலேயும் சேர்ந்தே போகும், 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான். "சாதனத்தில் இடத்தை விடுவி" என்று தனியாக ஒரு பட்டன் இருக்கிறது. அது மேலே ஏறிவிட்ட படங்களை மட்டும் ஃபோனிலிருந்து எடுக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

முன்பெல்லாம் நிரம்பாதது இப்போது ஏன் நிரம்புகிறது என்றால், 2021 ஜூன் 1 முதல் படங்களும் அந்த இலவச 15 ஜிபி-க்குள் வந்துவிட்டன. மெயிலும் அதில்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-ல் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. "குட் மார்னிங்" படங்களும் கல்யாண வீடியோக்களும் சேர்ந்து இடத்தைத் தின்கின்றன. நிரம்பினால் படம் மட்டும் நிற்காது, மெயில் வருவதும் நிற்கும். வங்கி, முனிசிபாலிட்டி பில் மெயில்களும் அதில் அடக்கம், கவனம். வாட்ஸ்அப் அமைப்பில் போய் பேக்கப்பில் வீடியோவை விலக்குங்கள், பாதிச் சுமை இறங்கிவிடும்.

குடும்பப் படங்களை மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை டிஸ்க்கில் இறக்கி இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். தங்கை வீடு போதும்.

செப்டம்பர் 9

இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதிலேயே முக்கியமானது இதுதான், இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

கிளவுடில் தரவு எங்கே இருக்கிறது என்பதைவிட, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது பெரிது. எனக்குத் தெரிந்த ஒரு கோயில் சங்கம். உறுப்பினர் பட்டியல், திருமணப் பதிவு, காவடி உபயக்காரர்கள், கட்டட நிதி ரசீதுகள், எல்லாம் அழகாக ஒரு டிரைவில். பொருளாளர் பத்து வருஷமாகத் தன் சொந்த மெயிலில் வைத்து, ஒரு வரி விடாமல் பார்த்துக்கொண்டவர். அவர் திடீரென்று போய்விட்டார். ஃபோன் பூட்டிக் கிடக்கிறது, கைரேகைக்கு ஆள் இல்லை. மனைவிக்குக் கடவுச்சொல் தெரியாது. மீட்க முயன்றால் குறுஞ்செய்தி அவர் எண்ணுக்கே போகிறது. யாரும் ரீசார்ஜ் செய்யாமல் சில மாதம் கிடந்தால் அந்த எண்ணையும் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

துக்க வீட்டில் போய் "அவர் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும்?" என்று கேட்க வேண்டிய நிலை. நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா ஒவ்வொரு பேரப்பிள்ளை பெயராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். திறக்கவில்லை. காவடிக்கு உபயக்காரர் பட்டியலைப் போன வருஷத்து அச்சு நோட்டீஸிலிருந்து எடுத்துக் கட்டினோம். திருமணப் பதிவில் பாதி இன்னும் கிடைக்கவில்லை.

இதில் எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. சட்டப்படி அது ஒரு தனிமனிதரின் கணக்கு, அவர்கள் பூட்டித்தான் வைக்க வேண்டும். கணக்கு தொடங்கும் அன்றே யோசித்திருக்க வேண்டியது இது.

சங்கமோ கடையோ, அதன் பெயரிலேயே ஒரு இணையப் பெயர் (டொமைன்) வாங்குங்கள். அதன்மேல் கணக்குத் தொடங்கி, செயலாளர், பொருளாளர் என்று பதவிக்கு ஒரு முகவரி கொடுங்கள். ஆள் மாறினால் கடவுச்சொல் மாறும், கோப்பு அங்கேயே இருக்கும். மேலாளர் உரிமை இரண்டு பேருக்கு, ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு வேண்டாம். ஃபோன் கையில் இல்லாவிட்டாலும் உள்ளே போக கூகுள் பத்து மீட்பு எண்கள் கொடுக்கும். அதை அச்சடித்து உறையில் போட்டு, ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டுக் கோயில் பீரோவில் வையுங்கள். பொதுக்கூட்டத்தில் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். உண்டியல் திறக்க எத்தனை பேர் முன்னிலை வேண்டும் என்று நமக்கு விதி இருக்கிறது. அதே விதி இதற்கும் வேண்டும்.

செப்டம்பர் 10

தனிநபர் கணக்கு பற்றிக் கேட்டவர்களுக்கு: கூகுளில் "செயலற்ற கணக்கு மேலாளர்" என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதமோ பதினெட்டு மாதமோ நாம் தொடாமல் விட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைக்கலாம். ஆப்பிளிலும் 2021 முதல் வாரிசுத் தொடர்பு வைக்கலாம். இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. தாத்தாவின் பழைய மெயிலில் படங்கள் இருந்தால் இன்றே ஒரு முறை உள்ளே போய் வாருங்கள்.

இன்னொன்று: இரண்டாம் படிச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்காதீர்கள். சிம் மாற்றி மோசடி செய்வது இந்த நாட்டில் அன்றாடம் நடக்கிறது. அதற்கென்று இருக்கும் செயலியில் வையுங்கள்.

நவம்பர் 4

செலவு பற்றி. விற்க வருகிறவர்கள் மாத வாடகையை மட்டும் காட்டுவார்கள். சில சேவைகளின் விலை டாலரில். 2021 நடுவில் 14 ரேண்டை ஒட்டி இருந்த டாலர் 2023 நடுவில் 19-ஐத் தாண்டியது. நீ ஒன்றுமே கூடுதலாகப் பயன்படுத்தாமல் பில் ஏறும். மேலே 15 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). நீ வாட் பதிவு செய்த கடை என்றால் முறையான ரசீதை வைத்து அதைத் திரும்பக் கேட்கலாம், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஏற்றுவது பெரும்பாலும் இலவசம், இறக்குவதற்குத்தான் காசு. அமேசானில் மாதம் 100 ஜிபி வரை இறக்க இலவசம், அதற்கு மேல் ஜிபி-க்கு இவ்வளவு என்று போகும், அதிலும் கேப்டவுன் மையத்தில் அமெரிக்காவைவிட விலை கூட. நிறுவனத்தையே விட்டு வெளியேறுபவர்களுக்கு அந்தக் கட்டணத்தை மூன்று பெரிய நிறுவனங்களும் 2024 தொடக்கத்தில் தள்ளுபடி செய்தன. நல்ல விஷயம். ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

நவம்பர் 6

போபியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயலில் இருக்கிறது. கிளவுடில் வைத்தாலும் பொறுப்பு உன்னுடையதுதான். அவர்கள் உன் சார்பாகக் கையாளுகிறவர்கள் மட்டுமே. வெளிநாட்டு மையத்தில் வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, அங்கே இணையான பாதுகாப்போ சம்மதமோ ஒப்பந்தமோ இருக்க வேண்டும். தரவு கசிந்தால் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். கடன் நோட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் பெயர், ஃபோன், யார் தரவில்லை என்பது வரை இருக்கிறது.

வரித்துறைக்கான கணக்குகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், கம்பெனி என்றால் சில ஆவணங்கள் ஏழு. சந்தாவை நிறுத்தும் முன் இதைக் கணக்கில் வையுங்கள். சந்தா முடிந்தால் கோப்பும் முடிந்தது.

2025 பிப்ரவரி 24

ஜனவரி கடைசியில் லோட்ஷெடிங் திரும்பி வந்தது, நேற்று ஆறாம் கட்டம் வரை போனது. சாட்ஸ்வொர்த் தம்பி செய்தி அனுப்பினான்: கணக்கு ஜோகன்னஸ்பர்க்கில், கல்லா இணையமில்லாமலும் ஓடுவது, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு குட்டி யுபிஎஸ். அந்த இரண்டும் சேர்ந்து 20 வாட் அளவுதான் இழுக்கும். அதற்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். கடையில் இல்லாத ஒரு லேப்டாப்பை எடு, 2022-ல் ஏதோ ஒரு மாதத்துப் பில்லைப் பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துக் காட்டு. எடுத்துவிட்டான், ஆனால் பில்லிங் மென்பொருளின் பழைய பதிப்பு இல்லாததால் திறக்க ஒரு சாயங்காலம் பிடித்தது. இப்போது மாதக் கடைசியில் எல்லாப் பில்லையும் பிடிஎஃப் ஆகவும் சேர்த்து வைக்கிறான். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரியப்பா டிஸ்க் பிரதியைத் தன் வீட்டில் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறாராம், அதை யாரும் தொடக்கூடாதாம். சரி, நல்ல இடம்தான்.

மார்ச் 3

தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்: "பழைய பாடக் கோப்புகளை டிரைவில் ஏற்றினேன், எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது, கெட்டுவிட்டதா?"

கெடவில்லை டீச்சர். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். கூகுள் டாக்ஸில் நம் எழுத்துருவை நிறுவ வழியில்லை. தேடினாலும் கிடைக்காது. பாமினியை, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றி ஏற்றுங்கள், பழைய கோப்பையும் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.

அச்சுப் புத்தகங்களின் ஸ்கேனை டிரைவில் வலது சொடுக்கி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துக் கொடுக்கும். நன்றாகவே படிக்கிறது. ரகரமும் துணைக்காலும் ஒன்றோடொன்று குழம்பும், ஒரு முறை வாசித்துத் திருத்துங்கள். பள்ளியின் பழைய கையெழுத்து நிகழ்ச்சிக் குறிப்பேடுகளுக்கு இதை நம்பாதீர்கள். அவற்றைப் படமாகவே வைத்து, கோப்பின் பெயரில் ஆண்டும் பக்க எண்ணும் போடுங்கள். மூலத்தைத் தூக்கிப்போட வேண்டாம். குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, அங்கே ஒரு முறை பேசிப் பாருங்கள். ஸ்கேன் எடுக்க ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.